ரோஜா நிற வெளுப்புக்கு பிரான்ஸரா, கான்டூரா? சில டப்பாக்களும் ஒரு அண்ணியும்

அண்ணனின் கல்யாண வரவேற்புக்கு அண்ணிக்கு மேக்கப் போட்டது நான்தான். அண்ணி சீனர், நல்ல வெளுப்பு, வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கன்னமும் மூக்கும் ரோஜா நிறமாகிவிடும். தாடையோரம் கொஞ்சம் நிழல் காட்டலாம் என்று என் பையில் இருந்த பிரான்ஸர் என்ற பொன்பழுப்புப் பவுடரை எடுத்து ஒரு இழு இழுத்தேன், மண்டபத்து மஞ்சள் விளக்கில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுக்க வெளியே வந்ததும் சித்தி கேட்டார், "என்னம்மா, நலங்கு மஞ்சளைச் சரியாகக் கழுவலையா?" எந்த பிராண்ட் என்று சொல்ல மாட்டேன், அந்தத் தோலுக்கு அதை எடுத்தது என் தப்பு.

அதற்கப்புறம் வார இறுதிகளில் அண்ணியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மாநிறம். எனக்குப் பொருந்துவது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

முதலில் நிறம். நம் வீடுகளில் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்றோடு கதை முடிந்துவிடும். அந்தச் சிவப்பிலேயே இரண்டு சாதி உண்டு, எலுமிச்சம்பழ நிறம் ஒன்று, ரோஜா நிறம் ஒன்று. மேக்கப் பேச்சில் மஞ்சள் சாயலான எலுமிச்சை வார்ம், இளஞ்சிவப்புச் சாயலான ரோஜா கூல், அவ்வளவுதான். சீனர் என்றாலே வார்ம் என்று கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள், நம்பாதீர்கள். கன்னத்தையும் பார்க்காதீர்கள், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தாலே நம் சிங்கப்பூர்ச் சூட்டுக்கு எல்லாருடைய கன்னமும் சிவக்கும். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள், தோல் மஞ்சளாகத் தெரிகிறதா, இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா என்று. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் முறையும் இருக்கிறது, ஆனால் டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்தால் ஒரு நாள் பச்சை, இன்னொரு நாள் நீலம்.

சரி, பிரான்ஸரும் கான்டூரும். கடையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பதால் இரண்டும் ஒன்று என்ற நினைப்பு வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. பிரான்ஸர் வெயில் பட்ட நிறத்தைக் காட்டுவது, அதனால் நெற்றி, கன்ன மேடு, மூக்குத்தண்டு என்று வெயில் விழும் இடங்களில் போடுவோம். கான்டூர் நிழலைக் காட்டுவது, கன்ன எலும்புக்குக் கீழேயும் தாடையோரமும் போடுவோம். வெயில் பொன்பழுப்பாக இருக்கலாம். நிழல் எந்தத் தோலிலும் பொன்னாக இருக்காது, சாம்பல் கலந்துதான் விழும்.

பிரான்ஸரில் இன்னொரு சிக்கல். வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் வகை பிரித்தார், இன்று அதில் ஆறு வகை இருக்கிறது. முதல் வகைத் தோல் எப்போதும் கன்றிச் சிவக்கும், கறுக்கவே கறுக்காது. இரண்டாவது வகை ஏதோ லேசாகக் கறுக்கும். ரோஜா நிற வெளுப்புக்காரர்கள் பலர் இந்த இரண்டுக்குள் வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட முகத்தில் பொன்பழுப்பைப் போட்டால், அந்த முகத்துக்கு வெயிலால் என்றைக்கும் வராத நிறத்தைப் போடுகிறோம். பிறகு எப்படி இயற்கையாகத் தெரியும்?

ஆரஞ்சு எங்கிருந்து வருகிறது என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் சிஐ 77491, 77492, 77499 என்று மூன்று நிறமி எண்கள் இருக்கும், முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள். பழுப்பு என்பதே இருண்ட ஆரஞ்சுதான். சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருந்தால் பிரான்ஸர் நிறம், கறுப்பு கொஞ்சம் ஏறினால் சாம்பல் பழுப்பு. அப்படியானால் பட்டியலைப் படித்தே கூல் எது என்று கண்டுபிடித்துவிடலாமே என்று குஷியானேன், முடியாது, நிறமிகளைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. கண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை.

இனி டப்பாக்கள்.

பெனிஃபிட் பிராண்டின் ஹூலா பிரான்ஸரை எல்லாருக்கும் தெரியும். மினுமினுப்பே இல்லாத பவுடர், பிரான்ஸர்களில் ஆரஞ்சு குறைவு, அதனால் கான்டூராகவும் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் மிகவும் வெளுத்த முகத்துக்கு அடர்த்தி அதிகம். ஹூலா லைட் இருக்கிறதே என்பீர்கள். வெளிர் வேறு, கூல் வேறு, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். லைட் என்ற சொல் அடர்த்தியை மட்டும்தான் சொல்கிறது, ரோஜா நிறத் தோலில் அதன் மஞ்சள் சாயல் தெரியத்தான் செய்யும். எலுமிச்சை நிறக்காரர்கள் தாராளமாக வாங்கலாம்.

கெவின் ஆக்வான் ஸ்கல்ப்டிங் பவுடர், அதில் மீடியம். கான்டூர் பைத்தியங்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெயர். சாம்பல் பழுப்பு, கொஞ்சம் எடுத்தால் போதும், கன்னத்தில் நிஜமாகவே நிழல் விழுந்த மாதிரி இருக்கும். வெளுத்தவர்களுக்கு லைட்தானே எடுக்க வேண்டும் என்று போகாதீர்கள், கூலாக இருப்பது மீடியம்தான், கையை இலேசாக வைத்தால் போதும். இந்த அலசலில் விலை அதிகமானதும் இதுதான், தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இவ்வளவு வெள்ளி கொட்ட வேண்டுமா என்பது என் சந்தேகம். இந்த மாதிரி நிறத்துக்குக் கடைக்காரர்கள் டோப் (taupe) என்று சொல்வார்கள், பிரெஞ்சில் அகழெலி என்று பொருள். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பெருச்சாளி நிறம்டி, இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது.

டூ கூல் ஃபார் ஸ்கூல் என்ற கொரிய பிராண்டின் ரோடின் ஷேடிங், சிற்பி ரோடின் பெயர்தான். ஒரே வட்டத்தில் மூன்று நிறங்கள், வெளிர், நடு, அடர்த்தி. இதில் மாடர்ன் என்பது கூல் பக்கம், கிளாசிக் அவ்வளவு இல்லை, பெட்டியைப் பார்த்து எடுங்கள். இரண்டு வெளிர் நிறங்களை மட்டும் கலந்து மூக்கோரத்துக்கு, மூன்றையும் கலந்து தாடைக்கு என்று கலவையை நாமே முடிவு செய்யலாம், அதனால் கை தப்பினாலும் முகம் தப்பும். ஒன்றே ஒன்று வாங்கு என்றால் இதைத்தான் சொல்வேன், அண்ணியின் பையில் இப்போது இருப்பதும் இதுதான்.

இன்னும் மலிவு வேண்டுமா, ஜப்பானின் கேன்மேக் ஷேடிங் பவுடரில் ஐஸ் கிரே பிரவுன். பெயரிலேயே சாம்பல். ரொம்பவே வெளுத்தவர்களுக்கு, பூசியதே தெரியக் கூடாது என்பவர்களுக்கு. நான் ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன், கன்னத்தில் விபூதியை வைத்து அழித்த மாதிரி இருந்தது, சாம்பல் கூல் வெளுப்பில்தான் நிழலாகும், என்னைப் போன்ற மாநிறத்தில் சாம்பலாகவே நிற்கும்.

ஃபென்ட்டி பியூட்டியின் மேட்ச் ஸ்டிக்ஸில் ஆம்பர் ஒன்றுதான் இதில் பவுடர் இல்லாதது. பெயரைக் கேட்டால் தேன் நிறம் போல இருக்கும், போட்டால் நல்ல சாம்பல் பழுப்பு. குச்சி வடிவம், விரலால் தட்டியே பரப்பலாம். பவுடருக்கு மேல் மட்டும் போடாதீர்கள், திட்டுத்திட்டாக நிற்கும்.

பவுடரா குச்சியா என்ற கேள்விக்கு நம் ஊர்ப் புழுக்கம்தான் பதில் சொல்லும். வியர்த்த முகத்தில் பவுடரை நேரே வைத்தால் வைத்த இடத்திலேயே ஒட்டிக் கறையாகும், எண்ணெய் வடிந்தால் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். குச்சியைச் சும்மா விட்டால் மதியத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். ஆபீஸ் நாளில் முதலில் நிறமில்லாத பவுடர், அதன்மேல் ரோடின். கோயில் கல்யாணம் மாதிரி ஓமப்புகையும் கூட்டமுமாக நாள் முழுக்க நிற்க வேண்டியதென்றால் முதலில் ஆம்பர், அதன்மேல் இலேசாக அதே ரோடின். இரண்டு வேலை, ஆனால் சாயந்தரம் வரை தாடை தாடையாக இருக்கும்.

பிரான்ஸரே கூடாதா என்றால், இந்த நிறத்துக்கு நான் தவிர்ப்பேன். மினுமினுப்பில்லாத, கொஞ்சம் மங்கலான ரோஜாப் பழுப்பு பிளஷ் ஒன்றை கன்ன மேட்டிலிருந்து மூக்குத்தண்டைக் கடந்து மறு கன்னம் வரை இலேசாக ஓட்டுங்கள். அண்ணி ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தால் முகம் அப்படித்தான் இருக்கும்.

எதை எடுத்தாலும் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். தாடையோரம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக் என்ற திறந்த தரைத்தளத்தின் ஓரத்தில், நேர் வெயில் படாமல் பகல் வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில் நின்று கண்ணாடியைப் பாருங்கள், சாயம் எல்லாம் வெளுத்துவிடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அந்தப் பழைய பிரான்ஸர் இன்னும் இருக்கிறது. இப்போது நான் அதை ஐ ஷேடோவாகப் போடுகிறேன், மாநிறத்துக்கு அந்த ஆரஞ்சு எடுப்பாக இருக்கிறது. சித்திகூட போன தீபாவளிக்கு என்ன பிராண்ட் என்று கேட்டார்.