கார்ப் பருவ வயலுக்கு எந்த ஒளிச்சேர்க்கை மாதிரி?

அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவு முடிந்த ஆனி, ஆடி மாதங்களில், பொதிகையிலிருந்து இறங்கும் மேகம் வயலை மூடுவதும் விலகுவதுமாகவே பகல் கழியும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் என்ற அளவில் விழும் ஒளி, மேகம் மறைத்ததும் சில நொடிகளில் கால்பங்காகச் சுருங்கிவிடக்கூடும். இப்படிப்பட்ட வெளிச்சத்தில் நெற்பயிர் எவ்வளவு கரியமில வாயுவைப் பிடிக்கிறது என்று கணக்கிட மூன்று வகையான மாதிரிகள் போட்டியிடுகின்றன.

1980இல் ஃபார்க்கர், ஃபான் கேமரர், பெர்ரி ஆகிய மூவர் அமைத்த மாதிரியே இன்றும் பலரும் முதலில் எடுப்பது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி வேலை செய்யும் வேகம், அந்த நொதிக்கு வேண்டிய சர்க்கரைப் பொருளை ஒளியின் துணையால் மீண்டும் உருவாக்கும் வேகம் ஆகிய இரண்டில் எது குறைவோ, அதுவே இலையின் வேகம் என்பது அதன் அடிப்படை. மேகமற்ற சித்திரை வெயிலுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் இதற்குக் காலம் என்பதே கிடையாது. மேகம் விலகிய நொடியிலேயே இலை முழு வேகத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்கிறது. உண்மையில் ரூபிஸ்கோ விழித்தெழவும் இலைத்துளைகள் திறக்கவும் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், ஆடி மாதத்துக்கு இதன் விடை மிகையாகவே வரும்.

மிகை ஒளியை வெப்பமாக வெளியேற்றும் தற்காப்பு ஒன்று இலைக்கு உண்டு. மறுமுனையில், பச்சையத்தைத் தாங்கும் தைலக்காய்டு என்ற சவ்வுப்பைக்குள் கூடும் அமிலத்தன்மை, அதை உணர்ந்து தற்காப்பைத் தூண்டும் பிஎஸ்பிஎஸ் புரதம், வயலாசாந்தின் என்ற நிறமி சியாசாந்தின் என்ற நிறமியாக மாறும் சுழற்சி என இந்தத் தற்காப்பின் ஒவ்வொரு படிக்கும், நேரத்தோடு அது மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடு எழுதும் விரிவான மாதிரிகள் இருக்கின்றன. எந்த மரபணுவை மாற்றலாம் என்று கேட்பவருக்கு இவை இன்றியமையாதவை. இந்தத் தற்காப்பு விரைவாகத் தளரும்படி மூன்று மரபணுக்களைக் கூட்டிய புகையிலை, 2016இல் வெளியான வயல் சோதனையில் சுமார் 15 விழுக்காடு கூடுதல் உலர் எடை தந்தது. அதே உத்தி, ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் வளர்ச்சியைக் குறைத்ததாக 2020இல் செய்தி வந்தது. ஒரு செடிக்குத் தேறிய எண்களை அம்பை 16 நெல்லுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. அத்தனை மாறிலிகளையும் வயலில் அளப்பதோ ஒரு ஆய்வு மாணவரின் காலத்துக்குள் அடங்குகிற வேலையில்லை.

என் தேர்வு நடுவிலுள்ளது. பழைய மாதிரியை அப்படியே வைத்துக்கொண்டு, தற்காப்பு ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என வெவ்வேறு நேர மாறிலிகளை மட்டும் சேர்ப்பது. இறங்கும் மாறிலி, அதாவது தற்காப்பு சுமார் 37 விழுக்காடாகத் தளர ஆகும் நேரம், 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மேகம் மூடி 5 நிமிடம் ஆன பின்னும் தற்காப்பில் 61 விழுக்காடு எஞ்சியிருக்கும். அதாவது, வெளிச்சம் பஞ்சமாக இருக்கும் வேளையிலேயே இலை அதில் ஒரு பகுதியை வெப்பமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இழப்பைப் பழைய மாதிரி காணவே காணாது.

ஆனால் மணிக்கொரு சராசரி தரும் வானிலைக் கருவியை நம்பினால் மூன்றில் எதை எடுத்தும் பயனில்லை, ஏனெனில் அந்தச் சராசரியில் மேகங்களெல்லாம் கரைந்துபோயிருக்கும். வரப்போரம் 10 நொடிக்கு ஒருமுறை ஒளியைப் பதியும் உணரி ஒன்றை நடுவதுதான் முதல் வேலை.