ஹாமில்டன் டபிள்யூ10: திறந்து காட்டினால் மட்டும் வாங்குங்கள்

பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973 முதல் 1976 வரை ஹாமில்டன் செய்து கொடுத்த சாவி வாட்ச் இது. உள்ளே 17 கல் வைத்த 649 மெஷின். அடிப்படையில் ஈடிஏ என்ற சுவிஸ் கம்பெனியின் 2750. மணிக்கு 21,600 துடிப்பு. சாவியை வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல உழைப்பாளி. வில்லங்கமெல்லாம் மெஷினைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டில்தான்.

இந்த வாட்சுக்குப் பின்மூடியே கிடையாது. மெஷின் மேலே, கண்ணாடி வழியாகத்தான் வெளியே வரும். பின்பக்க விளிம்பில் கத்தி கீறிய தடம் தெரிந்தால் விவரம் தெரியாத யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளேயும் அந்தக் கை பட்டிருக்கும். 'சர்வீஸ் பண்ணியாச்சு' என்பவரிடம் மெஷினின் படத்தைக் கேளுங்கள். காட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சாவியை மெஷினோடு இணைக்கும் தண்டான ஸ்டெம் இரண்டு துண்டு. ஒன்று சாவியோடு, இன்னொன்று மெஷினோடு இருக்கும். ஒன்றின் வாயில் மற்றது மாட்டிக்கொள்ளும். சாவியை நேராக இழுத்துப் பிரித்து, அது இருந்த குழாயின் வாயில் ஊசி இல்லாத சிரிஞ்சை அழுத்தி வைத்துக் காற்றடித்தால் அக்ரிலிக் கண்ணாடி பெரும்பாலும் எழும்பிவிடும். அடம்பிடித்தால் விளிம்பைக் கவ்வித் தூக்கும் கருவி வேண்டும். சாவியைக் குறடால் முறுக்கி இழுத்தால் ஸ்டெம்மின் கவ்வும் வாய் விரிந்துபோய், பிறகு நேரம் வைக்கும்போதெல்லாம் சாவி கையோடு வந்துவிடும். மாற்றுவதென்றால் இரண்டு துண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

டயலில் வட்டத்துக்குள் 'டி' இருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் இன்றைக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்பாடு பூசியது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய பூச்சு பொடியாக உதிர்ந்து மெஷினுக்குள் இறங்கும்; கண்ணாடி எடுத்ததும் ஊதவோ துடைக்கவோ கூடாது. முதுகில் அகல அம்புக்குறியும் எண்களும் இருக்கும். டபிள்யூ10 என்றால் தரைப்படை, 6பிபி என்றால் விமானப்படை. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் ஆண்டு. பாலிஷ் போட்டு இந்த எழுத்து மழுங்கியிருந்தால் எனக்கு அந்த வாட்ச் வேண்டாம்.

பட்டைக்கு வருவோம். பட்டை மாட்டும் கம்பிகள் கூட்டோடு நிலையாகப் பதிந்தவை, இடைவெளி 18 மி.மீ. ஸ்பிரிங் பார் (கழற்றி மாட்டும் சுருள்வில் கம்பி) போடும் தோல்வார் ஏறாது. அடியில் நுழைத்து எடுக்கும் நைலான்தான் சரி. 1973-ல் வந்த 66-15 என்ற பிரிட்டிஷ் ராணுவத் தரநிலைப் பட்டை சாம்பல் நிறம், 20 மி.மீ. அகலம். அசலாகவே இருக்க வேண்டுமென்று அதைத் திணித்தால் ஓரம் சுருண்டு பிசிறும். 18 எடுங்கள். வளையங்களைப் பிடிக்கும் இடம் தையலாக இல்லாமல் சூட்டில் ஒட்டியதாகவும், துளை ஓரம் உருக்கி அடைத்ததாகவும் இருக்கட்டும். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். வாட்சையோ தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹாமில்டன் என்ற பெயருக்காகவே விலையை ஏற்றிச் சொன்னால், 1976 முதல் 1980 வரை வந்த சிடபிள்யூசி (கேபட் வாட்ச் கம்பெனி) டபிள்யூ10-ஐப் பாருங்கள். அதே வடிவக் கூடு, அதே 2750 மெஷின்.