ஸ்க்ரம் ஓட்டிப் பார்த்த அனுபவம்: எல்லாம் சரி, அந்தப் பாயின்டைத் தவிர

தருமபுரியில் சின்னதாக மென்பொருள் கம்பெனி தொடங்கியிருக்கும் நண்பன் போன் செய்தான். "மச்சான், ஆறு பேர்தான் இருக்கோம். ஸ்க்ரம் போடலாமா, இல்ல அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரமா?" ஸ்க்ரம் என்றால் மென்பொருள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாகப் பிரித்து டீமாகச் செய்யும் முறை. அவன் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் வெலாசிட்டி (ஒரு சுற்றில் டீம் எவ்வளவு வேலை முடித்தது என்ற கணக்கு) பற்றிய ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்திருந்தேன், பதிலில் பாதி திட்டாகவே போய்விட்டது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். கடைசி வரை நிதானம் நிற்குமா என்பது வேறு விஷயம்.

ஸ்பிரின்ட் (அந்த வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்குத்தான் இது. எங்கள் டீம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் மென்பொருள் செய்கிறோம். லாரி வருவது, எடை, கழிவு (பழத்தைப் பார்த்து எடையில் கழிப்பது), பில், பட்டுவாடா என்று எல்லாம் அதில் வரும். இந்த வேலையில் கெடு நாம் வைப்பதில்லை, மரம் வைக்கிறது. மே, ஜூனில் பழம் இறங்க ஆரம்பித்தால் ஜூலை முடியும் வரை ஆலையில் யாரும் நம் போனை எடுக்க மாட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ. இது ஒன்றுக்காகவே ஸ்க்ரமுக்குக் கும்பிடு போடலாம். ஒருமுறை டெமோவுக்கு ஆலை மேனேஜரோடு எடை மேடையில் உட்காரும் ஆளும் வந்திருந்தார். எங்கள் ஸ்கிரீனில் லோடு எடை போட்டு, காலி வண்டி எடை போட்டு, அப்புறம்தான் சேவ் செய்ய முடியும். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ராத்திரி வந்த வண்டி விடிஞ்சுதான் இறக்கும். அதுவரைக்கும் பின்னாடி நிக்கிற வண்டிக்கெல்லாம் நான் என்ன சொல்றது?" கொடுத்திருந்த ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு எடையையும் தனித்தனிப் பதிவாக்கி வண்டி நம்பரை வைத்துச் சேர்க்கலாம் என்றோம். "ஒரே வண்டி ஒரு நாள்ல ரெண்டு தடவ வருமே" என்றார். கடைசியில் டோக்கன் நம்பர் என்று முடிவானது. இது சீசனுக்கு முன்பே தெரிந்ததால் தப்பித்தோம். ஜூனில் தெரிந்திருந்தால் லாரி வரிசை ரோட்டுக்கு வந்திருக்கும்.

தினமும் நடக்கும் ஸ்டாண்ட்அப் மீட்டிங் பரவாயில்லை. 15 நிமிடத்தில் முடிகிறது, காவேரிப்பட்டணம் தாண்டும் பஸ்ஸில் இருந்தபடியே ஒருவர் பேசிவிடுவார். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்வியை ஸ்க்ரமின் விதிப்புத்தகமான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் லீடுக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஸ்பிரின்ட் முடிவில் எது சரி, எது தவறு என்று பேசும் ரெட்ரோவால் வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் போடுவது நின்றது. அதுவே பெரிய லாபம்.

இப்போது ஸ்டோரி பாயின்ட், அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்.

அந்த எண்ணைச் சீட்டு காட்டி முடிவு செய்யும் பிளானிங் போக்கர் நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும், அப்போதுதான் சீனியர் சொன்ன எண்ணையே ஜூனியரும் சொல்ல மாட்டார். கழிவுக் கணக்குக்கு நாங்கள் எல்லோரும் 3 காட்டினோம். டெஸ்டிங் பார்க்கும் பெண் மட்டும் 13. அவர் வீட்டில் மாந்தோப்பு இருக்கிறது. "கழிவு எத்தனை பர்சென்ட்னு எங்கேயும் எழுதியிருக்காது அண்ணா. பழத்தைப் பார்த்து வாயாலதான் சொல்லுவாங்க. அப்புறம் எங்கப்பா பேசிக் குறைப்பாரு" என்றார். 3க்கும் 13க்கும் நடுவே இருந்த விஷயம் அதுதான். அது வெளியே வந்த பிறகு அந்த எண்ணைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

கிழிப்பதில்லையே! வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளில் ஏறுகிறது, அங்கிருந்து எக்செல்லுக்குப் போகிறது, எக்செல்லிலிருந்து மீட்டிங்குக்கு வருகிறது. "போன ஸ்பிரின்ட் 34, இந்தத் தடவை 27. ஏன் குறைஞ்சுது? ஓசூர் டீம் 60 பண்றாங்களே?" அவர்கள் 5 என்பதும் நாங்கள் 5 என்பதும் ஒன்றில்லை. ஒரு ஆலையின் கழிவை இன்னொரு ஆலையின் பில்லில் பிடிப்பது மாதிரி இருக்கிறது இது. சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான், 3 எல்லாம் மெதுவாக 5 ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, சீட்டு எடுக்கும் கை மட்டும் ஒரு படி மேலே போகிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். 13 காட்டிய அந்தப் பெண் இப்போதெல்லாம் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை எடுக்கிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் ஸ்டோரி பாயின்ட் என்ற வார்த்தையே ஸ்க்ரம் கைடில் கிடையாது. 2001இல் இந்த மாதிரி முறைகளின் கொள்கையை எழுதிய அஜைல் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட 17 பேரும் இதைக் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்டைக் கண்டுபிடித்தது ஒருவேளை நான்தானோ, அப்படியென்றால் வருந்துகிறேன் என்று 2019இல் எழுதியே விட்டார். அவர் விட்டுவிட்டார், எங்கள் எக்செல் விடவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நான் பாராட்டியதுதான் அதிகம். ஆனால் இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான். ஆறு பேருக்கு ஸ்க்ரம் வேண்டாம் மச்சான். சுவரில் ஒரு போர்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ, டெமோவில் மேனேஜரோடு வேலை செய்கிற ஆளும் கட்டாயம். அதையும் மீறி ஜிரா வாங்கினால், போர்டு செட்டிங்கில் எஸ்டிமேஷனைப் பாயின்டிலிருந்து டிக்கெட் (பதிந்த வேலை) எண்ணிக்கைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு லாகின் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிடு.