ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரைகளும் ஒரு பொறுமைசாலி பயிற்சியாளரும்

சென்னைக்கு வெளியே உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியைப் பற்றி எழுதுகிறேன். 2023-இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் நம் டிரெஸ்ஸாஜ் அணி (குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்ததிலிருந்து என் மகள் பிடித்த பிடிவாதம்தான் காரணம். மாதக் கட்டணம் அவளுடைய பாட்டு வகுப்பையும் நீச்சலையும் சேர்த்ததைவிட அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பிள்ளை போட்டிக்குப் போக வேண்டும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பயிற்சியாளர் ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். தடை தாண்டுவதை அவசரப்பட்டுத் தொடமாட்டார். முதல் சில மாதங்கள் நீளக் கயிற்றில் குதிரை அவரைச் சுற்றி வட்டமடிக்கும். பிள்ளை அங்கவடியில் கால் வைக்காமல், கடிவாளத்தைப் பிடிக்காமல் அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஜம்ப் எப்போ சார்?" என்று கேட்கும் பெற்றோரிடம், "கையில் தொங்காமல் உட்காரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பார். சரிதான். தடுமாறும்போது கடிவாளத்தில் தொங்கினால் வலி குதிரையின் வாய்க்குத்தான். அடுத்த முறை தடைக்கு முன்னால் அது நின்றுவிடும்.

குதிரைகளில் பல, கிண்டியில் ரேஸ் ஓடி ஓய்ந்தவை. ஜாக்கி அங்கவடியைக் குட்டையாக்கி முதுகைவிட்டு எழுந்து ஓட்டுவார், அவர் கால் குதிரையின் வயிற்றை அணைப்பதே இல்லை. கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடத்தான் அந்தக் குதிரைக்குத் தெரியும். காலால் அழுத்தினால் என்ன அர்த்தம் என்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பழக்க வேண்டும். தரையில் சுமார் 1.3 மீட்டர் இடைவெளியில் கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் டிராட்டில், அதாவது மெதுவோட்டத்தில், விடுகிறார்கள். எப்பேர்ப்பட்ட அவசரக்காரக் குதிரையும் காலடி பார்த்து வைக்கும். மகள் ஓட்டும் பழுப்புக் குதிரை மட்டும், பின்னால் இன்னொன்று நெருங்கினால் இன்னமும் ரேஸ் என்று நினைத்துக்கொள்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கில்லை.

லாயம் சுத்தம். வெயில் காலத்தில் ஏழரைக்குள் குதிரைகளை உள்ளே கட்டிவிடுகிறார்கள். சேணத்தைக் கழற்றுவதும் குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவதும் பிள்ளைகள் வேலை.

போட்டிச் செலவை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது பெரிய குறை. நுழைவுக் கட்டணம், குதிரையை ஏற்றிப்போகும் லாரி, அங்கே லாய வாடகை, கூட வரும் லாயக்காரரின் படி என்று கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாக வாட்ஸாப்பில் வந்து விழுந்தது. 60 செ.மீ. உயரத் தடைகளைத் தாண்டும் சுற்றில் மகள் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு 4 தண்டப் புள்ளி வாங்கினாள். செலவைக் கூட்டிப் பார்த்தால் தேக்கைவிட விலை உயர்ந்த கட்டை அது.

அங்கே தரும் பொதுத் தலைக்கவசங்கள் பழையவை, சொந்தமாக வாங்கிவிடுங்கள். கீழே விழுந்து பலமாக அடிபட்ட கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். நீளமான பூட்ஸுக்கு அவசரமில்லை. அங்கவடிக்குள் பாதம் நழுவாதபடி சிறிய குதிகால் உள்ள ஷூ ஆரம்பத்துக்குப் போதும்.