கனகாம்பர நிறத்தில் ஐந்து சட்டைகள்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தத் தையல் கடை. பெயர்ப்பலகை கிடையாது. "பெயரும் போன் நம்பரும் எழுதிவிடாதீர்கள் டீச்சர், கையில் இருக்கிற வேலையே முடியவில்லை" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். வாசலில் பழைய கால் மெஷின். எதிரே இஸ்திரி வண்டி. உள்ளே இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. சட்டையைப் போட்டுப் பார்க்க மறைவிடம் இல்லை. பெண்களுக்கு அது சிரமம். சொன்ன தேதியிலிருந்து ஒன்பது நாள் தள்ளித்தான் கொடுத்தார். இருந்தும் இந்தக் கடைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் கொடுத்தது ஐந்து ஆரஞ்சுச் சட்டைகள். நான்கு பிள்ளைகளுக்கு, ஒன்று என் மகளுக்கு. மகள் குடும்பம் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை அணிகிறார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. "ஆச்சி, இந்த வருஷம் நம் ஊரில் தைத்த சட்டை வேண்டும், முதுகில் தமிழில் எழுதியிருக்க வேண்டும்" என்றாள். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள்: 'ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம்'.

துணி எடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஆரஞ்சு என்றதும் முதல் கடையில் காவியை எடுத்துப் போட்டார்கள். அடுத்த கடையில் மாம்பழ மஞ்சள். அண்ணாச்சிதான், "கனகாம்பரப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். அன்று சரியான பாப்ளின் கிடைத்தது, மீட்டர் 160 ரூபாய். எட்டு மீட்டர் எடுத்தேன்.

அளவுச் சீட்டை எழுதும்போது, எதற்கு எல்லாருக்கும் ஒரே நிறம் என்று கேட்டார். சொன்னேன்.

பிலிஸ் வெப்ஸ்டாட் என்கிற பெண்மணி கனடாவின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1973இல் அவருக்கு ஆறு வயது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வில்லியம்ஸ் லேக் ஊருக்குப் பக்கத்தில் இருந்த உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அவருடைய பாட்டி புதிதாக ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார். பளபளக்கும் ஆரஞ்சு நிறம், முன்பக்கம் கயிறு கோத்தது. போன முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திரும்பத் தரவே இல்லை. அவர் 2013இல் இதைச் சொன்னதிலிருந்து பிறந்ததுதான் ஆரஞ்சுச் சட்டை நாள். பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன மாதம் செப்டம்பர் என்பதால் அந்த மாதம். 2021 முதல் அதே நாள் அந்த நாட்டின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவும் இருக்கிறது.

அண்ணாச்சி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "முன்பக்கம் கயிறு என்றால் கண் அடித்துக் கோத்ததா? அதே மாதிரி தைத்துவிடவா?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். வேண்டாம் என்றேன். அது அந்த அம்மாளின் சட்டை. நாம் அதைப் போலச் செய்து போட்டுக்கொள்ளக் கூடாது. சாதாரணக் காலர், நான்கு பட்டன் போதும். இந்த நாளை வைத்து ஊரில் உள்ளவர்கள் எல்லாம் சட்டை விற்றுக் காசு பார்ப்பது சரியா என்று அங்கேயும் கேட்கிறார்களாம். அதனால் வெப்ஸ்டாட் தொடங்கிய ஆரஞ்சுச் சட்டைச் சங்கத்துக்கு மகள் அங்கிருந்தே தனியாகப் பணம் கட்டிவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னேன். பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகக் கனடா அரசும் சபைகளும் நடத்திய அந்த மாதிரி உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். இறந்துபோனவர்கள் ஆயிரக்கணக்கில். காசநோய் அப்படிப் பரவியது; 1907இலேயே பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை. 2019இல், அங்கே இறந்த 2,800 பிள்ளைகளின் பெயரை ஒரே துணியில் எழுதி விரித்தார்கள். சிவப்புத் துணி, 50 மீட்டர் நீளம்.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "ஐம்பது மீட்டரா? நாற்பது பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கலாமே டீச்சர்" என்றார். அதற்குப்பின் அன்று வேறு எதுவும் பேசவில்லை.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று நெருடும் என்று தெரியும். எனக்கும் நெருடியது. உறைவிடப் பள்ளியை நாங்கள் 'போர்டிங்' என்போம்; திருநெல்வேலிச் சீமையில் அது இனிப்பான சொல். என் பாட்டி போர்டிங்கில் படித்தவர். அவருடைய தாய் எழுத்தே அறியாதவர். ஒரு தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் பனங்காட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது மிஷன் போர்டிங்கால்தான். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல், இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் மிஷனரி அமைப்பான சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியராக. அதே 1820இல், அதே சங்கத்தின் உதவியோடு, ஜான் வெஸ்ட் என்ற பாதிரியார் ரெட் ரிவர் குடியேற்றத்துக்குப் போய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்த இடம்தான் இன்று என் பேத்தி இருக்கும் வின்னிபெக். ஒரே ஆண்டு, ஒரே சங்கம். இங்கே எங்கள் பாட்டிமார் இன்றும் நன்றி சொல்கிறார்கள். அங்கே ஆங்கிலிக்கன் சபை, தான் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்காக 1993இல் மன்னிப்புக் கேட்டது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அங்கே 1920இல் சட்டம் போட்டுப் பிள்ளைகளைப் பறித்தார்கள். நோக்கமே பிள்ளையிடமிருந்து அதன் இனத்தை உருவி எடுப்பது. இங்கே பெற்றோர் தாமே கொண்டுவந்து விட்டார்கள். ரேனியஸ் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அங்கே தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. 2015இல், அந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனஅழிப்பு என்றே பெயர் சொல்லி எழுதியது.

ஆனால் பேத்தி போனில் இன்னொன்று கேட்டாள். "நம் ஊரிலும் காட்டில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்களா ஆச்சி? ஒரு சட்டையில் அவர்கள் பேச்சில் எழுதித் தர முடியுமா?"

இருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, சேர்வலாறு, மயிலாறு பக்கம் காணி மக்கள். எனக்கு அவர்களைத் தெரியும். நான் அந்த மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் காப்பாளராக இருந்தவள்.

1986இல் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் கேட்டேன், சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. "இது என்ன பெயர்" என்று சொல்லி, பதிவேட்டில் நல்ல பெயர் என்று நான் நினைத்த ஒன்றை எழுதினேன். அவளுடைய அப்பா எதிரே கைகட்டி நின்றார். சாப்பாட்டு நேரத்தில் மலைப்பேச்சு பேசுகிற பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு தூணோரம் தனியாக உட்கார வேண்டும் என்பதும் நான் போட்ட விதி. தமிழ் சீக்கிரம் வரட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. 'இடைநின்றவர்' என்று எழுதி வரியை மூடினேன்.

அந்தப் பிள்ளை இன்று பேரப்பிள்ளை எடுத்தவர். எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, விக்கிரமசிங்கபுரம் சந்தைக்கு அவர் வரும் நாளில் போய்ப் பார்த்தேன். சட்டை விஷயத்தைச் சொன்னேன். "உங்கள் பேச்சில் அதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளையை அன்று என்னால் அப்படிக் கூப்பிட முடியவில்லை. வெகுநேரம் பேசாமல் நின்றார். "வாரக் கடைசியில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், தைக்கிறவரிடம் நானே சொல்கிறேன்" என்றார்.

வந்தார். இனி கடையைப் பற்றி நான் சொல்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அண்ணாச்சி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பழுப்புத் தாளில் சாக்கால் எழுதிக்கொண்டே மெல்லக் கேட்டார். அவர் சொல்ல, இவர் எழுத, அவர் எழுத்துக் கூட்டிப் படித்துத் தலையை ஆட்டினார். ஒரு சத்தம் நம் எழுத்தில் சரியாக உட்காரவில்லை. நான்கு தடவை எழுதி அழித்தார். வாடிக்கையாளர் இருவர் வாசலில் நின்றார்கள்; "கொஞ்சம் பொறுங்கள், இது தப்பாகப் போகக் கூடாது" என்றார். தைத்துப் பார்த்தபோது ஓர் எழுத்து பிசகியிருந்தது. முழு வரியையும் பிரித்து மறுபடி போட்டுக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. ஒன்பது நாள் தாமதமானது இதனால்தான். அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை. அவர் அதைச் சட்டைக்காகச் சொன்னார், வேறு எங்கும் போடச் சொல்லவில்லை.

அன்று தன் பேரனுக்கும் ஒரு சட்டை வேண்டும் என்றார். நான் பணத்தை எடுத்தேன். "வேண்டாம் டீச்சர்" என்று தன் சுருக்குப் பையைத் திறந்தார். அண்ணாச்சி பில் புத்தகத்தை விரித்து, பெஞ்சில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து அந்தப் பெயரை எழுதப் போனார்.

"அது இல்லை. அது டீச்சர் வைத்த பெயர்" என்றார் அவர். பிறகு தன் பெயரைச் சொன்னார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன். கஷ்டமான பெயரே இல்லை.

ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் நான் எழுதியதுதான் இருக்கிறது. கனடா ஆணையம் வைத்த 94 கோரிக்கைகளில் பதினேழாவது இதற்காகவே: உறைவிடப் பள்ளி மாற்றிவிட்ட பெயரைத் திரும்பப் பெற விரும்புகிறவர்களிடம் ஐந்து வருஷத்துக்கு அரசு கட்டணம் வாங்கக் கூடாது என்று. படித்தபோது சிறிய விஷயமாகத் தெரிந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தட்டு, தூண், பெயர் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அரசிதழில் பெயரை மாற்றலாம், அலைச்சலும் செலவும் என்னுடையது என்றேன். "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. நான் அவசரப்படுத்தவும் இல்லை.

அண்ணாச்சி அந்தப் பெயரை எழுத்துக் கேட்டுக் கேட்டு பில்லில் எழுதி, கிழித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

என் கணக்கு: துணி 1,280 ரூபாய், பிள்ளைச் சட்டை நான்குக்குத் தையல் கூலி தலா 280, பெரிய சட்டைக்கு 400, எழுத்து வேலை ஐந்துக்கும் 600. மொத்தம் 3,400. தையல் நெருக்கம், காஜா சுத்தம், பட்டன் நிற்கிறது. எழுத்துகள் வெள்ளை நூலில் தெளிவாக வந்திருக்கின்றன. ஒரு சட்டையில் மட்டும் காலர் முனை கொஞ்சம் கோணல். முதல் அலசலில் சாயம் போகும். உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவையுங்கள். ஞாயிறு விடுமுறை, மற்ற நாள் காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரை. கார்டு வாங்க மாட்டார், ரொக்கம்தான். செப்டம்பர் 30க்கு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஜூலையிலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள்.