வீராணம் ஏரிக்கு எந்தக் குறிச்சொல்: 'லேக்'கா, 'ரிசர்வாயரா'?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், வரையும் ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்ல ஒரு குறிச்சொல் போட வேண்டும். ஏரி வரைகிறவர்கள் பலரும் முதலில் போடுவது 'வாட்டர்=லேக்'. ஏரி என்றால் லேக் என்றுதானே பள்ளியில் படித்தோம்! ஆனால் அந்தக் குறிச்சொல் இயற்கையாக உருவான நீர்நிலைக்கு உரியது. வீராணம் அப்படியல்ல, சோழர் காலத்தில் கரை கட்டி நீரைத் தேக்கிய ஏரி. செம்பரம்பாக்கமும் மனிதர் கட்டியதே. இவற்றுக்கு 'வாட்டர்=ரிசர்வாயர்' தான் சரி என்பேன்.

வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். அதனால் என்ன போட்டாலும் ஒன்றுதான் என்று விட்டுவிடாதீர்கள். பாசன ஏரிகளை மட்டும் தரவிலிருந்து பிரித்தெடுக்க நினைப்பவருக்கு 'லேக்' என்ற குறி அவற்றை மறைத்துவிடும். கரை, மதகு, கலங்கல் (மிகுதி நீர் வழிந்தோடும் இடம்) எல்லாம் உள்ள ஓர் அமைப்பு, வெறும் நீர்ப்பரப்பாகச் சுருங்கிவிடும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

'ரிசர்வாயர்' என்றால் பெரிய அணை மட்டும்தானே என்று தயங்க வேண்டாம். பெயர்ப் புலத்தில் 'வீராணம் ஏரி' அப்படியே இருக்கட்டும்; பெயர் வேறு, வகை வேறு. கோடையில் வற்றும் ஏரி என்றால் 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்' சேருங்கள்.

அப்புறம், பழவேற்காடு இரண்டிலும் சேராது. அது உப்பங்கழி; 'வாட்டர்=லகூன்'.