சமையலறை: சீரமைப்பதா, பிடுங்கி மாற்றுவதா?

சமையலறைப் பெட்டிகளின் மைகா (பலகைமேல் ஒட்டும் மெல்லிய ஷீட்) மங்கி, கதவு தொங்க ஆரம்பித்ததும் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் சிங்க்குக்கு அடியில் உள்ள பெட்டியைக் காலி செய்து, அடிப்பலகையின் பின்மூலையை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் பலகை நன்றாக இருக்கிறது. புட்டு மாதிரி உதிர்ந்தால் அது தண்ணீர் குடித்து உப்பிய பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. இனி எந்த ஸ்க்ரூவும் அதில் நிற்காது.

பெட்டிகள் உறுதியாக இருந்தால் சீரமைப்பே போதும். புதியவர் கைக்கு அடங்கும் முதல் வேலை கீல் மாற்றுவது. மாடுலர் கதவுகளில் கீல் குழி பெரும்பாலும் 35 மி.மீ.தான், இடிக்காமல் மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் கீலும் அதிலேயே உட்காரும். கடைக்குப் பழைய கீல் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள். கதவு பெட்டியின் விளிம்பை முழுதாக மூடுகிறதா, பாதியா, உள்ளே அடங்குகிறதா என்பதைப் பொறுத்துக் கீலின் வளைவு மாறும். தப்பாக வாங்கினால் கதவு பக்கத்துக் கதவில் இடிக்கும். ஸ்க்ரூ துளை பெருத்திருந்தால் நீள ஸ்க்ரூ போடாதீர்கள், 18 மி.மீ. பலகையில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மூங்கில் குச்சியை மரப் பசையில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 2 மி.மீ. துளையிட்டு முடுக்குங்கள்.

பழைய மைகாமேல் புது மைகா ஒட்டலாம். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றில் 28-க்கு 15 அங்குலக் கதவு ஒன்பது வரும். உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பசையல்ல, தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் 120 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் பொருத்துங்கள். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அடுத்தடுத்த இரு கதவின் பக்க விளிம்புக்கும் 1 மி.மீ. மைகா ஒட்டினால், நடுவே உள்ள 3 மி.மீ. இடைவெளி 1 மி.மீ. ஆகிவிடும்.

மொத்தமாக மாற்றுவது வேறு கதை. பல மாடுலர் கிச்சன்களில் கிரானைட்டைத் தாங்குவதே கீழ்ப்பெட்டிகள்தான். முட்டுக் கொடுக்காமல் ஒன்றை உருவினால், சிங்க்குக்கு முன்னால் இருக்கும் மூன்று அங்குலக் கல் பட்டை விரிசல் விடும். குழாய், 16 ஆம்பியர் பாயிண்ட் எல்லாம் பெட்டி வருமுன் முடிந்திருக்க வேண்டும். புதியவர் தனியாக இறங்கும் வேலையல்ல இது. மேடை உயரமோ அடுப்பு, சிங்க் இருக்கும் இடமோ சரியில்லை, அல்லது பெட்டிகள் பலவும் உப்பிவிட்டன என்றால் மட்டும் யோசியுங்கள். கடப்பா கல் நிறுத்திய பழைய மேடை என்றால் கல் தானாகவே நிற்கிறது. சட்டமும் கதவும் மாற்றினால் போதும்.

சிங்க் பெட்டி மட்டும் போயிருந்தால், முட்டுக் கொடுத்து அதை மட்டும் மாற்றுங்கள். ஐ.எஸ். 710 (தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரை உள்ள பிளைவுட், அடியில் நான்கு அங்குல பிவிசி கால். குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பில் சிலிகான் பூசுங்கள். கடைசி நேரத்தில் வெட்டுவதால் ஆசாரிகளே மறந்துவிடும் இடம் அது, தண்ணீர் முதலில் நுழைவதும் அங்கேதான்.